நீல மையில் ஒரு பெருக்கல் குறி

மரக்காணத்துக் காற்று ஸ்டாம்பு சேர்க்கிறவர்களுக்கு ஆகாது. உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற காற்றில் ஊக்கு ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். பீரோக் கதவு முனகும். வாங்கி வைத்த இன்லண்டு லெட்டர் யார் நாக்கும் படாமல் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அதைக் கிழியாமல் பிரிப்பதற்குள் எழுத நினைத்தது மறந்துபோகும். அப்படிப்பட்ட ஊரில், எழுபதுகளில், ஒரு பெண்பிள்ளை அமெரிக்காவில் நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் தபால்காரர்கள் கொண்டுபோன கவர்களையும் அதில் ஒட்டிய ஸ்டாம்புகளையும் சேர்த்துக்கொண்டிருந்தாள் என்றால், அவளுக்கு மூளை கொஞ்சம் பிசகு என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள். அது நான்தான்.

நான் பிறந்தது பாண்டிச்சேரியில். மரக்காணத்தில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்து வந்தேன். வந்த இடத்திலேயே கல்யாணமும் ஆயிற்று. வீட்டுக்காரர் தபால்காரர். போஸ்ட்மேனைக் கட்டிக்கொண்டதால்தான் எனக்கு ஸ்டாம்புப் பைத்தியம் பிடித்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. கான்வென்டில் படிக்கிற காலத்திலேயே பிடித்துவிட்டது. அவரைக் கட்டிக்கொண்ட பிறகு தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் பாண்டிச்சேரிக்குப் போனபோது, எனக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் ஒருவர் வெளிநாட்டு ஸ்டாம்புப் பத்திரிகை ஒன்றைக் கொடுத்தார். கல்யாணமாகாத பெண் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதக் கூடாது, இனிமேல் நீ எழுதலாம் என்றார். பின்பக்கத்தில் விலாசம் போட்டிருந்தவர்களில் ஒரு பெண்ணாகப் பார்த்து எழுதினேன். அப்படிக் கிடைத்தவர்தான் ஃபிலடெல்ஃபியா அம்மாள். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். புருஷன் தவறிவிட்டார், பிள்ளை கிடையாது. அவருக்கு வேண்டியது பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்களின் கவர்.

பாண்டிச்சேரியில் அதற்கா பஞ்சம்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் சைகோனிலிருந்து அந்தக் காலத்தில் போட்ட கடிதங்களை வீட்டுப் பெண்கள் அரிசி டின்னுக்குப் பின்னால் கட்டி வைத்திருந்தார்கள். அம்மா வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்பேன். உள்ளே இருக்கிற கடிதத்தை உருவிக்கொண்டு கவரைக் கொடுத்துவிடுவார்கள். வெறும் கவரை வைத்து என்ன பண்ணுவே என்று கேட்காத ஆள் இல்லை. அமெரிக்காவுக்கு அனுப்புவேன் என்று சொன்ன பிறகு என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள்.

பதிலுக்கு அந்த அம்மாள் தன் ஊர்ச் சரக்கை அனுப்பினார். அங்கே உள்நாட்டுச் சண்டைக்கு முந்தின காலத்தில், கடிதத்தில் ஒட்டுகிற சர்க்கார் ஸ்டாம்பு ஒரு போஸ்டாபீசிலிருந்து இன்னொரு போஸ்டாபீசு வரைக்கும்தான் செல்லும். அங்கிருந்து வீட்டுக்கு வர வேண்டுமென்றால் அதற்குக் கூலி வேறே. கொண்டுவந்து கொடுக்கிற ஆளுக்குச் சம்பளம் கிடையாது. கடிதத்துக்கு ஒரு சென்ட், இரண்டு சென்ட் என்று வருகிறதுதான் அவன் சாப்பாடு. அந்தக் கூலிக்கென்றே ஊருக்கு ஊர் குட்டி ஸ்டாம்பு அடித்தார்கள். போதாததற்குத் தனியார் தபால் கம்பெனிகளும் கிளம்பித் தங்கள் பங்குக்கு அடித்தார்கள். சிலதில் குதிரைமேல் ஒருத்தன். சிலதில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக் கூரைகளைத் தாண்டிப் போகிற ஒருத்தன். பலதில் படமே இருக்காது. கல்யாணப் பத்திரிகை அடித்து மிஞ்சிய எழுத்தைக் கோத்து அடித்த மாதிரி நாலு வரி, சுற்றி ஒரு கட்டம். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

இதை என் வீட்டுக்காரருக்கு விளக்கினேன். சம்பளமே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். யூனிபாரம்? அதுவும் இல்லை. சைக்கிளாவது உண்டா என்று கேட்பதற்கு முன்னால் அப்போது சைக்கிளே கிடையாது என்று நானாகச் சொல்லிவிட்டேன். அவர் தபால் கொடுக்கிற பீட்டு கடலோரக் குப்பங்களும் உப்பளக் கரைகளும். வெய்யிலில் சைக்கிள் மிதிப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் சாப்பிடும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், அவர்களுக்குத் தீபாவளி இனாமாவது உண்டா என்று கேட்டார். ஃபிலடெல்ஃபியாவுக்கு எழுதிக் கேட்டேன். புது வருஷத்துக்கு ஏதோ கொடுப்பார்களாம் என்று பதில் வந்த பிறகுதான் மனுஷனுக்கு மனசு ஆறியது.

என்னிடம் சேர்ந்ததில் பாதிக்கு மேல் போலி. அந்தக் காலத்திலேயே வியாபாரிகள் ஸ்டாம்பு சேர்க்கிறவர்களை ஏமாற்றப் போலி அடித்துத் தள்ளினார்களாம். அம்மாள் ஒளிக்காமல் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எழுதி அனுப்புவார்: போலி, ஆனால் பழைய போலி. பழசாகிவிட்டால் போலிக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். எங்கள் சொந்தக்காரர்களில் சில பேரை நினைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

சந்தேகத்துக்கு இடமில்லாத அசல் ஒன்றே ஒன்றுதான். ஒரு தவக்காலத்தில் அதை அனுப்பினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கவர். எழுத்து டீ டிக்காஷன் நிறத்துக்கு வெளுத்திருந்தது. அவருடைய அம்மாவின் பாட்டிக்கு யாரோ எழுதியது. உள்ளே கடிதம் இல்லை. மூலையில் ரோஜா நிறத்தில் அந்தக் குட்டி ஸ்டாம்பு. அதன்மேல் முத்திரை கிடையாது, பேனாக் கோடு கிடையாது, ஒன்றும் கிடையாது. கொண்டுவந்த ஆள் மறந்துவிட்டான். பிறந்த குழந்தை மாதிரி சுத்தமாக இருந்தது. என் அண்ணன் மகள் ஒருத்தி இருக்கிறாள், எனக்குப் பிறகு இதைக் குப்பையில்தான் போடுவாள், நீ வைத்துக்கொள் என்று எழுதியிருந்தார்.

சும்மா வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. யுத்த காலத்தில் ஒரு சொல்தா தன் பெண்டாட்டிக்கு சைகோனிலிருந்து போட்ட கவர்கள், சென்சார்காரன் பிரித்து ஒட்டிய பட்டையோடு, ஒரு கட்டு வைத்திருந்தேன். வருஷக்கணக்காக அம்மாள் கேட்டும் கொடுக்காமல் இருந்தது. அதை அப்படியே அனுப்பினேன். அனுப்பின அன்றைக்கு அழுதேன். அதனால் அந்த ரோஜா நிற ஸ்டாம்புக் கவர் என்னுடையது. இனாம் இல்லை, பண்டமாற்று. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த இடத்தில் தபாலாபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்டாம்பின்மேல் முத்திரை விழாமல் ஒரு கவர் வந்துவிட்டால், அதை அப்படியே கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் வாங்கினவன் ஸ்டாம்பை உரித்து மறுபடி ஒட்டிவிடுவான். ஆகையால் கொண்டுபோகிற தபால்காரர் பேனாவால் ஸ்டாம்பின் குறுக்கே இரண்டு கோடு கிழித்துவிட்டுத்தான் கவரைக் கையில் கொடுக்க வேண்டும். கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடைக்காரர் ஸ்டாம்பின்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்து, விழுந்த முத்திரையையே துடைத்துவிட்டுத் திரும்ப ஒட்டுகிறவர். அவரைப் பிடித்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு இந்த விஷயத்தில் கண் ரொம்பக் கூர்மை. பையிலிருந்து எடுக்கிற எந்தக் கவரானாலும் மூலையை ஒரு தடவை பார்க்காமல் விடமாட்டார்.

சித்திரை மாசம். அளத்தில் உப்பை வாரிக் குவித்திருந்த நேரம். காற்று காய்ந்து அடித்ததால், என் கவர்களையெல்லாம் டின்னிலிருந்து எடுத்து, பின்பக்கத்துக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலின்மேல் பரப்பி, பறக்காமல் சீப்பு, சோப்புப் பெட்டி என்று கையில் கிடைத்ததை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். பதினோரு மணிக்கு எங்கிருந்தோ மழை வந்துவிட்டது. அளத்துக்காரர்கள் குவியல்களை ஓலை போட்டு மூட ஓடினார்கள். பாதி உப்பு கரைந்துதான் போயிற்று. நான் வகுப்பில் நின்றுகொண்டு என் கட்டிலை நினைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போகலாம் என்றால் ஹெட்மாஸ்டர் வராந்தாவிலேயே நின்றார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், ஒரு கவர்கூட நனையவில்லை. என் வீட்டுக்காரர் மழைக்கு முந்தி வந்து, அத்தனையையும் வாரித் தன் தபால் பைக்குள் போட்டுக் காப்பாற்றியிருந்தார். அவர் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆசை வந்தது. நன்றாக வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். கவர்களைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் ஒழுங்காக அடுக்கியிருந்தார். மேலாக இருந்தது அந்த அசல். ரோஜா நிற ஸ்டாம்பின்மேல் பால்பாயின்ட் பேனாவால், நீல மையில், மூலைக்கு மூலை இரண்டு கோடு. பெருக்கல் குறி.

என்ன இது என்று கேட்டேன்.

"முத்திரை விழல. கேன்சல் பண்ணேன்," என்றார், தலையைத் துவட்டிக்கொண்டே.

"இது நூத்திருபது வருஷத்துக்கு முந்தின ஸ்டாம்புங்க."

"அப்போ இன்னும் மோசம். இத்தினி வருஷமா யாரும் பாக்காம வுட்டிருக்கானுங்க."

அதற்குப் பிறகு ஒரு மாசம் நான் அவரோடு பேசவில்லை. பாத்திரங்கள் பேசின. அவர் தன் பங்குக்கு, மழையிலிருந்து காப்பாற்றினதற்கு இதுதான் மரியாதையா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். சுவரும் பேசவில்லை. மையை எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முதலில் ஒரு போலி ஸ்டாம்பின்மேல் அதே பேனாவால் அதே மாதிரி கோடு போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தேன். கோடு இருந்தது, ஸ்டாம்பு போய்விட்டது. அதோடு விட்டுவிட்டேன். ஃபிலடெல்ஃபியாவுக்கு எழுதும்போது கவர் நலமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினேன். பொய் இல்லை. நனையாமல்தான் இருந்தது.

அடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. பாண்டிச்சேரிக்கு வடக்கே அப்போது வெளிநாட்டுக்காரர்கள் சேர்ந்து செம்மண் காட்டில் புதிதாக ஒரு ஊர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாளின் அண்ணன் மகள், அதே குப்பையில் போடுகிறவள், அங்கே வந்து மண்வெட்டி பிடித்திருக்கிறாளாம். அவளைப் பார்க்க வருகிறேன், ஒரு நாள் மரக்காணத்துக்கும் வந்து உன்னைப் பார்க்கிறேன், அந்தக் கவரையும் இன்னொரு தடவை பார்க்க ஆசை என்று எழுதியிருந்தார்.

இன்னொரு தடவை பார்க்க ஆசை என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். குண்டானை இரவல் கொடுத்தவள் வீட்டுக்கு வந்து, என் குண்டான் நல்லா இருக்குதா என்று விசாரிப்பாள். அதற்கு மேல் நாமே புரிந்துகொள்ள வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. யுத்தக் கட்டு முழுதும் கொடுத்து வாங்கியதை எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்? கூடவே பயமும் வந்தது. திருப்பிக் கேட்டால் கொடுக்க மனசில்லை. கேட்காவிட்டாலும் காட்ட முகமில்லை. நம்பிக் கொடுத்தவரிடம் அந்தப் பெருக்கல் குறியை நீட்டி என்ன சொல்வது? வழியில் எவனோ கிறுக்கிவிட்டான் என்று சொல்லலாமென்று முடிவு பண்ணி, அதை இங்கிலீஷில் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம், அன்றைக்கு ஐந்து மணிக்கு முன்னால் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

அம்மாள் காலையில் வரவேண்டியவர். பாண்டிச்சேரியில் யாரோ புண்ணியவான் பெரிய பஸ்ஸாகப் பார்த்து ஏற்றிவிட, கிளியனூர் வழியாகத் திண்டிவனம் போய், அங்கே பஸ் மாறி ஒரு மணிக்கு வந்து இறங்கினார். ஒல்லியாக, உயரமாக, தலையில் துணித் தொப்பி. எனக்கு முத்தம் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டே பார்த்தது. வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் உப்பளத்தைப் பார்த்ததும் கரையில் இறங்கி நின்றுவிட்டார். அங்கே கூடை தூக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஒரு கட்டி உப்பை எடுத்துக் கொடுத்தாள். நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புத்தான் என்றார். வேறு என்னவாக இருக்கும் என்று எதிர்பார்த்தாரோ தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிட உட்காரவும் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. ஐந்து மணிக்கு முன்னால் வரவேண்டாம் என்று சொன்ன மனுஷன், காக்கிச் சட்டையோடு, பையோடு உள்ளே வந்து நின்றார். விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டு ஆம்பிளை இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று தோன்றிவிட்டதாம். அம்மாளுக்கு அவரைப் பார்த்ததும் வந்த சந்தோஷம் என்னைப் பார்த்தபோதுகூட வரவில்லை. எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். காரமில்லாமல் செய்த இறால் குழம்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அதோடேயே சிரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்ட பிறகு ஆல்பங்களை எடுத்தேன். முதலில் போலிகள். பிறகு நல்ல போலிகள். பிறகு அசலாக இருக்கலாம் என்கிற ரகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லி இழுத்தேன். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் நாளில் நேரத்தைத் தள்ளுகிற வித்தை எனக்குக் கைவந்தது. அவர் எல்லாவற்றையும் பார்த்தார், தலையாட்டினார். அந்தக் கவரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீயும் குடித்தாயிற்று. பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிவிட்டது.

தொப்பியைக் கையில் எடுத்த பிறகுதான், அந்த ஒன்று, என்று மட்டும் சொன்னார்.

டின்னைத் திறந்து கவரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கையால் ஸ்டாம்பை மறைத்துக்கொண்டுதான் வைத்தேன். எவ்வளவு நேரம் மறைக்க முடியும்? கையை எடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பெற்ற தாயிடம் திருடிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. தயாரித்து வைத்த பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"என்ன கேக்கறாங்க? அந்தக் கோடா?" என்றார் என் வீட்டுக்காரர். "நான்தான் போட்டேன்னு சொல்லு."

சும்மா இருங்கள் என்று பல்லைக் கடித்தேன். சொல்லு என்றார் மறுபடி. சொன்னேன். ஏன் என்று அம்மாள் கேட்டார். முத்திரை விழாத ஸ்டாம்பைக் கண்டால் கோடு போடுவது இங்கே தபால்காரர் வேலை, இவருக்குக் கை நிற்காது என்று மொழிபெயர்த்தேன். எல்லாக் கவருக்கும் இப்படித்தான் செய்வாரா என்று கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எல்லாத்துக்கும்தான். ஆனா கேன்சல் பண்ணா டெலிவரி பண்ணிடணும். இத கேன்சல் பண்ணிட்டு ஒரு வருஷமா வீட்லயே வெச்சிருக்கேன். எனக்கு அது உறுத்திக்கிட்டேதான் இருக்குது. இது யாரு பேருக்கு வந்த லெட்டருன்னு கேளு."

எனக்கே தெரியும். இந்த அம்மாளுடைய அம்மாவின் பாட்டி பெயர், செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது என்றேன். அப்படியானால் வாரிசு யார், இவரைத் தவிர யாராவது இருக்கிறார்களா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். எதற்குக் கேட்கிறார் என்று புரியாமலே கேட்டேன். ஒருத்தரும் இல்லை, அண்ணன் மகள் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு இதெல்லாம் வேண்டாம் என்றார் அம்மாள்.

என் வீட்டுக்காரர் மேஜையிலிருந்து கவரை எடுத்தார். பையை மாட்டிக்கொண்டு வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். போஸ்டாபீசுக்குத்தான் எடுத்துப் போகிறாரோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் திரும்பி வாசற்படிக்கு வெளியே நின்று, கவரின் மேலே இருந்த பெயரை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். ஒரு எழுத்துகூட அமெரிக்காவில் சொல்கிற மாதிரி இல்லை.

"அம்மா, போஸ்ட்," என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாள் எழுந்து வாசலுக்குப் போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கினவர் உள்ளே வராமல் அங்கேயே நின்றார். தோள் குலுங்கியது. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: இதைத் திருப்பிக் கேட்கத்தான் வந்தேன், அனுப்பிய நாளிலிருந்து தூக்கமில்லை, ஆனால் கொடுத்ததை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதையும் நான் வீட்டுக்காரருக்கு மொழிபெயர்க்கவில்லை. என் கையில் இருந்த ஒரே அசல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் வீட்டு வாசலிலேயே கைமாறிவிட்டது.

ஊருக்குப் போனதும் யுத்தக் கட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றார் அம்மாள். கொடுத்ததைத் திருப்பி வாங்குவது எங்களிடம் வழக்கமில்லை என்று சொன்னேன். உறைக்கவேண்டுமென்றுதான் சொன்னேன். எங்களிடமும் வழக்கமில்லைதான் என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அதற்கு மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்தோம். டிரைவர் ஏறின பிறகு அம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இத்தனை வருஷமாக உன் கணவர் பெயரை எழுதித்தான் உனக்குத் தபால் போடுகிறேன், உன் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது கிட்டத்தட்ட சரியாக இருந்தது. பஸ் போய்விட்டது.

திரும்பி நடக்கும்போதுதான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். என் பொருளைத் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது, எதைக் கொடுத்து நான் அதை வாங்கினேன் தெரியுமா, ஊருக்கு நல்லவர் வீட்டுக்குப் பொல்லாதவர் என்று கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

"கோடு போட்டது தப்புன்னா திட்டு. ஆனா அதுல உன் பேரு இல்லியே."

அந்தக் கவரில் மட்டுமா என் பெயர் இல்லை? மிஸஸ் என்று போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதி அனுப்பு, அதுதான் கௌரவம் என்று சிஸ்டர் சொன்னபடிதான் அமெரிக்காவுக்கு எழுதினேன். அப்படியேதான் பதிலும் வந்தது. அம்மா போடுகிற கார்டுகூட மாப்பிள்ளை பெயருக்குத்தான் வரும். எனக்குக் கடைசி வரியில் ஒரு விசாரிப்பு இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். தெருவில் போஸ்ட்மேன் வீட்டம்மா. அவருக்கு நான் இந்தா. வெளியில் யாரிடமாவது சொல்வதென்றால், வீட்ல. ஊராருடைய பெயர் எழுதின கவரையெல்லாம் டின் டின்னாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், என் பெயர் எழுதின கவர் வீட்டில் ஒன்று கிடையாது. கவர் போனதைவிட அது எனக்கு வலித்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விதி என்ன என்று யோசிப்பார்.

மழைக்காலம் தொடங்கின சமயம். மத்தியானம் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அமெரிக்கத் தபால் வந்தால் அவர் சாப்பிட வரும்போது பையிலிருந்து எடுத்து மீட்டர் பெட்டிமேல் செருகிவிட்டுக் கால் கழுவப் போவார். அதுதான் பழக்கம். அன்றைக்கு சைக்கிள் சத்தம் கேட்டது, ஆள் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வாசற்படிக்கு வெளியே செருப்போடு நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கவர். அதன் மூலையைப் பார்த்துவிட்டு, மேலே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

என் பெயர். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத பெயர். முழுசாக, ஒரு எழுத்து பிசகாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"அம்மா, போஸ்ட்," என்றார். சிரிக்கவில்லை.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். இன்னொரு தடவை படியுங்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. டூட்டியில் இருக்கிற மனுஷனிடம் எப்படிக் கேட்பது? கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.